இரங்கற் கூட்டமும் எண்ணிக்கையும்

பெரியோர் ஒருவர் மறைந்தால் நம் ஏடுகளில் ‘மக்கள் வெள்ளம்’, ‘மனிதக் கடல்’, ‘இலட்சோப இலட்சம்’ என்னும் தொடர்கள் தாமாகவே வந்து அமர்ந்துவிடுகின்றன. இவை அலங்காரம் என்ற அளவில் நின்றால் குறை கூறுவதற்கில்லை. அலங்காரம் எண்ணாக மாறி, எண் வரலாறாக மாறும்போதுதான் திறனாய்வாளனுக்கு வேலை வருகிறது.

1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்த பேரறிஞர் அண்ணாவின் இறுதி ஊர்வலத்தில் 1.5 கோடி பேர் கலந்துகொண்டதாக, காவல்துறை மதிப்பீடு என்ற குறிப்போடு கின்னஸ் நூல் பதிவு செய்தது. அன்று முதல் நம் மேடைகளில் அவ்வெண் மறுப்பின்றி ஒலிக்கிறது. நானும் பலமுறை முழங்கியவனே.

கணக்கைச் சற்றே பார்ப்போம். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 12 இலட்சம்; சென்னை நகரத்தில் ஏறத்தாழ 25 இலட்சம். நகரத்தார் குழந்தை முதல் கிழவர் வரை அனைவரும் வந்தனர் என்றே கொண்டாலும், எஞ்சிய ஒன்றேகால் கோடிப் பேர் வெளியூரிலிருந்து வந்திருக்க வேண்டும். இரயில் ஒன்றுக்கு இரண்டாயிரம் பேரை ஏற்றினால் 6,250 இரயில்கள் வேண்டும்! இரயிலின் கூரைமீது ஏறி வந்து, கொள்ளிடப் பாலத்தில் மோதி உயிர்விட்டோர் உண்டு. அந்தத் துயரம் மெய். அந்த 6,250 இரயில்கள் மெய்யல்ல.

1960களில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தம் அலுவலகச் சாளரத்தின் கீழ்த் திரண்ட மாணவர் கூட்டங்களைத் தரையிலிருந்த கட்டங்களைக் கொண்டு அளந்து ஒரு முறை வகுத்தார். தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குப் பத்துச் சதுர அடி. நெருக்கமாயின் நாலரைச் சதுர அடி. இந்த நெருக்கத்தில் ஒன்றரைக் கோடிப் பேரை நூறடி அகலச் சாலையில் நிறுத்தினால், வரிசை 205 கிலோமீட்டர் நீளும். மலாக்காவில் தொடங்கினால் கோலாலம்பூரையும் தாண்டிவிடும். இராஜாஜி மண்டபத்திலிருந்து மெரினாவுக்கு அவ்வளவு தூரமா?

உடலைக் கண்டு சென்றோர் மாறி மாறி வந்தனர், ஒரே நேரத்தில் நின்றவர்களை மட்டும் எண்ணுவது முறையா எனக் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் வந்து போனவர்களும் வண்டியேறித்தானே வந்திருக்க வேண்டும்? கூட்டம் மிகப் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த எண்ணில்தான் ஐயம். நான் சிறுவனாய் இருந்த தோட்டத்தில், வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்று அழுதவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இவ்வளவும் பேசும் தகுதி எனக்கு எளிதில் வந்ததன்று. பல்லாண்டுகளுக்கு முன் புக்கிட் பெருவாங்கில் நடந்த ஓர் ஆசிரியரின் நினைவஞ்சலிக் கூட்டத்தைப் பற்றி நான் எழுதிய செய்தியில், ‘ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்’ என்றிருந்தேன். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட அம்மையார் ஒருவர், பால்மரம் வெட்டியவர், “தம்பி, தேத்தண்ணி ஊத்துனது நான்தானே? நூத்தி அறுபது கோப்பைதான் போச்சு. அன்னிக்கு வேலைக்குப் போகாம, சம்பளத்த விட்டுட்டு வந்தவங்க அவ்வளவு பேரும். அத ஏன் எழுதல?” என்றார்.

நான் விடை கூறவில்லை. நூற்று அறுபது பேர் ஒருநாள் கூலியை இழந்து வந்தனர் என்ற ஒரே வரியில் அந்த ஆசிரியரின் வாழ்நாள் முழுதும் அடங்கியிருந்தது. எனது ‘ஆயிரக்கணக்கானோர்’ அவ்வரியை அழித்துவிட்டது. அவரின் நினைவு மலருக்கு அண்மையில் மீண்டும் கட்டுரை கேட்டார்கள். கோப்பைக் கணக்கிலிருந்தே தொடங்கினேன்.