வாசலோடு முடிந்துவிடும் பாடம்

புதிதாக வந்த நாய்க்குட்டி எங்கே கழிய வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாரும் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதில்லை. அங்கே அந்தப் பாடத்தை வீட்டைச் சுற்றியுள்ள வளவு நடத்துகிறது. விடியலில் கதவு திறந்ததும் விறாந்தையில் படுத்திருந்த குட்டி முற்றத்தைக் கடந்து கோடிப்புறம் ஓடுகிறது. மூன்று வாரக் குட்டியே படுத்த இடத்தை நனைக்காமல் தள்ளிப்போய்ச் சலம் விடத் தொடங்கிவிடும். வேலியடைத்த வளவு அந்த இயல்புக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். வடசென்னையில் பாடம் நடத்துவது தெரு. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, கொசஸ்தலை ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருக்கும் சடையங்குப்பத்தைப் போன்ற ஊரில் வாசற்படியை ஒட்டியே தெரு தொடங்குகிறது. குட்டி வீட்டுக்குள் ஈரம் செய்தால் ஓர் அதட்டல். தூக்கிப்போய் வெளியே விட்டால் வேலை முடிந்தது. இரு கரைகளிலும் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றையே: வீட்டுக்குள் கூடாது. எங்கே கூடும் என்பதை எவரும் சொல்வதில்லை. பாதி வழியில் நின்றுபோன இந்தப் பாடத்தை முழுப் பாடமாக நாம் எண்ணிக்கொண்டிருப்பதுதான் இரு நாட்டிலும் உள்ள பிழை.

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே இருப்பது வழக்கத்தில் உள்ள வேறுபாடு அன்று, நிலத்தில் உள்ள வேறுபாடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம் கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடிக்குக் குடிபோனால், சென்னை அடுக்ககவாசி படும் பாட்டையே படுகிறது. பழைய நாளிதழ், பால்கனி மூலை, பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பு எல்லாம் அங்கும் உண்டு. வளவு போனதும் திறமையும் போய்விடுகிறது என்றால், அந்தத் திறமை ஆளிடம் இருக்கவில்லை, மண்ணிடம் இருந்தது என்றுதானே பொருள்? சட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. இலங்கையில் விசர்நாய்க்கடியைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1893இலும் நாய்களைப் பதியும் கட்டளைச் சட்டம் 1901இலும் வந்தன. இந்தியாவில் 2001இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையும் பேசுகின்றன. இவற்றின் கவலையெல்லாம் கடியும் எண்ணிக்கையும். நாய் எங்கே கழிகிறது என்பதை இவை வளர்ப்பவரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகின்றன.

அதை அப்படி விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே விழும் அழுக்கு எளிதாக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். நாய் கழியும் அதே வளவில்தான் குடிநீர்க் கிணறும் இருக்கிறது. வளவு அழுக்கைக் கண்ணிலிருந்து மறைக்கிறது, போக்குவதில்லை. சடையங்குப்பத்தில் மறைப்பதற்கும் வழியில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறக்கும் பெருமழை நாட்களில் ஆற்றுநீர் ஊரைச் சூழ்கிறது. அங்குள்ள இருளர் குடியிருப்பும் பர்மா நகரும் தப்புவதில்லை. தெருவில் கிடந்ததெல்லாம் அந்த நீரோடு வாசலுக்குத் திரும்பி வருகிறது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் மட்டும் வருவதன்று, தொற்றுக்கு ஆளான நாயின் மூத்திரத்திலும் வரும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது வாழும். காய்ந்த மண்ணிலும் வெயிலிலும் சாகும். 2024 டிசம்பரில் மழைவெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அதற்கு நாய்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. வெள்ளம் வரும் ஊரில் நாய்க்குக் காய்ந்த, மேடான ஓர் இடத்தைக் குறித்துக் கொடுப்பது ஆடம்பரமாகாது என்கிறேன்.

தெருவே போதும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. குட்டிக்கு முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். வரிசை முடிய ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிவிடும். அதுவரை தெருமண் குட்டிக்கு ஆபத்து, ஏனெனில் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். 2024 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 1.81 லட்சம் தெருநாய்கள் இருந்தன. தடுப்பூசி முடியாத குட்டி முகர்ந்துபார்க்கும் இடங்களெல்லாம் அவை நடமாடும் இடங்கள்தாம். நான்கு மாதம் காத்திருக்கலாம் என்றாலோ, எளிதில் படியும் பருவம் கைநழுவிப் போகிறது. இந்தச் சிக்கலுக்கு விடை வீட்டிலேயே இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் தட்டில் மணல் நிரப்பி, வெயில் விழும் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ வைத்தால் போதும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் குட்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே கழிந்தவுடன், அந்தக் கணமே, ஒரு தட்டிக்கொடுப்பு. இரண்டு மாதக் குட்டியின் சலப்பை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதை மீறி எதிர்பார்ப்பவர் குட்டியைக் குறைசொல்ல உரிமையற்றவர்.

அடித்தால்தான் படியும் என்பார்கள். ஈரத்தில் மூக்கைத் தேய்க்கும் வழக்கம் இரு நாட்டிலும் இருக்கிறது. குட்டி அதிலிருந்து கற்பது இடத்தையன்று, அச்சத்தை. பிறகு கட்டிலுக்கடியில் ஒளிந்து கழியும். எசமானர் பார்க்கும்போது தட்டிலும் போகாது. பினாயில் ஊற்றிக் கழுவுவதும் பயன் தராது. அந்த வாசம் நம் மூக்குக்குத்தான் மறைப்பு, நாய் பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிடும்; கால் நக்கினால் அதற்குக் கேடும் கூட. வினிகர் கலந்த நீரால் துடைத்துக் காயவிடுவது மேல்.

ஷிப்டு வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கெல்லாம் ஆள் ஏது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான பதில், பகலில் பாட்டியோ பள்ளி விடுமுறைப் பிள்ளையோ இல்லாத வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டி வரக்கூடாது. வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாம். நாட்டு நாய்க்கு எதற்கு இவ்வளவு, இது பணக்காரர் பழக்கம் என்பவர்களின் கூற்றைத்தான் ஏற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் பிள்ளையைத் தவழவிடும் வீட்டுக்கே இது அதிகம் தேவை. குட்டிகள் பெரும்பாலும் தாயிடமிருந்தே உருண்டைப் புழுவோடு பிறக்கின்றன. கழிவில் வெளியேறும் முட்டை பிள்ளைக்கு உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். அன்றன்றே அள்ளிவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். குறித்த இடத்தில் போகும் நாயின் கழிவைத்தான் அன்றன்று அள்ளவும் முடியும்.

வளவு வைத்திருப்பவர்கள் கிணற்றிலிருந்து தள்ளி, வெயில்படும் ஒரு மூலையை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். வளவு இல்லாதவர்கள், அடுத்த மழைக்கு முன் ஒரு தட்டு மணலை மேட்டில் ஏற்றி வையுங்கள்.