பசலி 1426: ஒரு வறட்சி அறிவிப்பின் மதிப்பு

2017 ஜனவரி 10 அன்று, தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார். ஒரு மாவட்டத்தைக்கூட விடாத அறிவிப்பு. எல்லாருக்கும் என்று சொன்னால் உண்மையில் காய்ந்தவனுக்குக் குறைந்துபோகும் என்ற ஐயம் எழுவது நியாயம். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். 2016 வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்துக்குக் கிடைத்தது 168 மி.மீ. மழை, வழக்கமாகப் பெய்வது 440. பற்றாக்குறை 62 சதவீதம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கொட்டிய மழை சராசரியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டியிருக்கும். ஆனால் ஒருநாள் மழை ஏரியை நிரப்பாது.

மத்திய வேளாண் அமைச்சகத்தின் வறட்சிக் கையேடு புதுப்பிக்கப்பட்டதும் அதே டிசம்பரில்தான். மழைக் குறைவை முதலில் பார், பிறகு பயிர்ப் பரப்பு, செயற்கைக்கோள் படம், மண் ஈரம், நீர்நிலை ஆகியவற்றைப் பார், கடைசியில் பாதித்த கிராமங்களில் பத்து சதவீதத்தை நேரில் போய்ச் சோதி என்று படிப்படியாகப் போகும் ஏற்பாடு அது. ராபி பருவத்துக்கு மார்ச் 31 வரை கெடுவும் தந்தது. அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தால் சம்பா வைக்கோல்கூட மிஞ்சியிருக்காது. சில மாநிலங்கள் வறட்சி என்று ஒப்புக்கொள்ளவே தயங்கியதை 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்தக் குற்றச்சாட்டு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. அறிவித்தது நல்லது, சீக்கிரமாக அறிவித்தது இன்னும் நல்லது.

சிக்கல் அறிவிப்புக்குப் பின்னால் வந்தது. நெல்லுக்கும் மற்றப் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000, நீண்டகாலப் பயிருக்கு 7,287. ஐந்து ரூபாய் வரை துல்லியமாக இருப்பதால், யாரோ நடவுக் கூலியையும் உரச் செலவையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. பேரிடர் நிதியின் அன்றைய விதி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்றது. அதை ஏக்கருக்கு வகுத்தால் வருவது இந்தத் தொகை. தில்லியின் எண்ணைச் சென்னைக் கோட்டை 2.47-ஆல் வகுத்தது, அவ்வளவுதான். பிறகு எடப்பாடி பழனிசாமி அரசு சுமார் 32.30 லட்சம் விவசாயிகளுக்கு 2,247 கோடி ரூபாய் ஒதுக்கியது. தலைக்குச் சராசரியாக ஏழாயிரத்துக்கும் சற்றுக் குறைவு.

மத்திய அரசிடம் மாநிலம் கேட்டதோ 39,565 கோடி. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வறட்சிக்கு ஒப்புதலானது 1,748.28 கோடி. இதைத் தில்லியின் வஞ்சனை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் விதிப்படி ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர்தான் உச்சவரம்பு. 32.30 லட்சம் பேருக்கும் நெல்லுக்கான முழு வரம்பையும் கொடுத்தாலும் ஏறக்குறைய 8,700 கோடிதான் வரும். அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் கேட்ட மனு, கிடைக்காது என்று தெரிந்தே எழுதப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டதில் இருபதில் ஒரு பங்குகூட வராத அந்த வசந்தத்தில்தான் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவும் அவரோடு போன விவசாயிகளும் தில்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த நிவாரண அரசாணையைக் காஞ்சிபுரம் மாவட்டத்துக் காவாந்தண்டலத்திலிருந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. உத்திரமேரூர் பக்கத்து ஊர்களுக்கு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகக் கணக்கு உண்டு. நவரை, ஏரியில் மிஞ்சிய தண்ணீரை நம்பி நடுவது. ஏரி நிரம்பவில்லை என்று டிசம்பரிலேயே பார்த்துவிட்டு நாற்று விடாமல் இருப்பவன் விவரமானவன். விதை, உழவுக் கூலி, கடன் எல்லாவற்றையும் காப்பாற்றியவன் அவன். நிவாரண விதியோ விதைத்த நிலத்துக்கு மட்டுமே, அதிலும் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போயிருந்தால் மட்டுமே பணம் தரும். துணிந்து நட்டுக் காயவிட்டவனுக்கு ஏக்கருக்கு 5,465, நடாதவனுக்கு ஒன்றுமில்லை. இந்த ஒரு விதியே திட்டத்தைத் தோற்கடிக்கப் போதும். ஏரிப் பாசன ஊரில் வறட்சியின் பெரும்பகுதி நடப்படாத நிலத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது கிணறு. ஆயக்கட்டுக்குள் ஆழ்துளைக் கிணறு உள்ளவர் சம்பாவைக் கரையேற்றிவிடுவார். கடைமடையில் ஏரித் தண்ணீரை மட்டும் எதிர்பார்த்திருப்பவர் தப்பமாட்டார். மாவட்டம் முழுவதையும் வறட்சி என்று சொல்லும் ஆணைக்கு இந்த வேறுபாட்டை அளக்கும் கருவி கிடையாது, கிராம நிர்வாக அலுவலரின் (விஏஓ) அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டைத் தவிர. அடங்கலில் பெயர் ஏறாத வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு அந்தக் கருவியாலும் பயனில்லை. நிலமே இல்லாதவர்களுக்கு நூறு நாள் வேலை 150 நாளாக்கப்பட்டது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கான தினக்கூலி 203-இலிருந்து 205 ஆனது. வறட்சிக்கு இரண்டு ரூபாய்! பசலி 1426 என்று வருவாய்த் துறை குறிக்கும் அந்த ஆண்டின் நிலவரித் தள்ளுபடியைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை.

கிராம அளவில் அளக்க முடியாது என்று அதிகாரிகள் சொல்லவும் வழியில்லை. 2016-இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமே அலகு. ஒரு துறை ஊர் ஊராக அளக்கும்போது இன்னொன்று மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது.

அளப்பதற்கு ஊரில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியும் உண்டு. ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மற்ற மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தபோதும், பிரிக்கப்பட்ட காஞ்சிபுரம் உட்பட ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. ஐந்து ஆண்டுகள் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. குடவோலையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்ததைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூர் ஒன்றியத்திலும் இதே நிலைதான். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லி மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். வறட்சிப் பணம் கலெக்டரிலிருந்து தாசில்தாருக்கும் விஏஓவுக்கும் இறங்கி வங்கிக் கணக்கில் முடிந்தது. எந்த வாய்க்காலைத் தூர்வாருவது, எந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர் என்று கேட்க ஓட்டு வாங்கிய ஒருவர்கூட இல்லை.

2017 மார்ச்சில் ஏரிகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை இதே மாவட்டத்து மணிமங்கலத்தில்தான் தொடங்கினார்கள். முதல் கட்டத்துக்கு 100 கோடி. நிவாரணத்துக்கு 2,247, ஏரிக்கு 100. 2019 மார்ச்சில் 24 மாவட்டங்களில் மறுபடி வறட்சி அறிவிப்பு. அந்த ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது.

வானத்தைப் படித்த அளவில் 2017 அறிவிப்பு தேறுகிறது; நிவாரணமாகத் தேறவில்லை. பணம் குறைவு என்பதை இரண்டாம் காரணமாகத்தான் வைப்பேன். இரட்டிப்பாக்கிக் கொடுத்திருந்தாலும் நவரை நடாதவருக்கும் குத்தகைக்காரருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்காது. விதைத்த பரப்பை விட்டு ஆயக்கட்டை அலகாக்கி, டிசம்பர் கடைசியில் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து ஊராட்சியே சான்று தரலாம் என்று விதியை மாற்றினால் ஒழிய, அடுத்த அரசாணையும் இதே வகுத்தல் கணக்கோடுதான் வரும்.