பாரத் பவனும் இருவகைக் கலையும்

கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இருவகைப்படுத்திய வழக்கினைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். இப்பாகுபாடு கலையின் தரம் பற்றியதா, அன்றி அதனைக் காணும் அவை பற்றியதா என்பது ஆராய்தற்குரியது. இவ்வாராய்ச்சிக்குப் போபால் மாநகரின் மேல் ஏரிக்கரையிலுள்ள பாரத் பவன் என்னும் கலைநிலையம் பெரிதும் துணைபுரிகின்றது.

1982-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இந்நிலையத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. குன்றின் சரிவிற் படிப்படியாக இறங்கும் முற்றங்களைச் சூழ அரங்குகளும் கூடங்களும் அமைந்துள. இங்குள்ள 'ரூபங்கர்' கலைக்கூடத்தை உருவாக்கியவர், சிம்லாவில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன் (1928-1994). நகர ஓவியர் படைப்பையும் பழங்குடியினர் படைப்பையும் ஒருங்கே சமகாலக் கலையாகக் கொண்டமை அவர்தம் கொள்கையாகும். பழங்குடியினர் கலை பழங்காலக் கலை அன்று என்பது இதனாற் பெறப்படும்.

இக்கொள்கையின் பயனை ஜங்கர் சிங் சியாம் என்பவரிடம் காண்கின்றோம். அவர் பிறந்த பர்தான் குடியினர், 'பானா' என்னும் நரம்புக் கருவியை இசைத்துக் கோண்டு மக்களின் குலவரலாறுகளைப் பாடுவோர். நம் பாணரை ஒத்தவர். 1980-களின் தொடக்கத்திற் சிற்றூரினின்று போபாலுக்கு அழைத்துவரப்பெற்ற ஜங்கர், பாட்டில் வாழ்ந்த தெய்வங்களைப் புள்ளியாலும் கோட்டாலும் தாளில் உருப்படுத்தினார். 1989-இல் பாரிஸ் கண்காட்சியொன்றில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. 2001-இல் அவர் ஜப்பானில் மறைந்த பின்னரும், அவர் வகுத்த நெறி 'ஜங்கர் கலம்' என்றே வழங்குகின்றது.

ஆயினும், கொள்கையில் ஒன்றாக்கியவற்றை ரூபங்கர் இடத்தால் இரண்டாக்கிற்று. நகரக் கலைக்கு ஒரு கூடமும், நாட்டார் கலைக்கும் பழங்குடியினர் கலைக்கும் மற்றொரு கூடமும் உள. சடங்கிற் பிறந்த கலைக்கு அதன் சூழல் உணர்த்தப்படல் வேண்டும், ஆதலின் பிரித்தல் தகும் என்பாரும் உளர். அது பொருந்தாது. நகரக் கலைக்கும் சூழல் உண்டன்றோ? காண்போராகிய நாம் முதற் கூடத்தில் ஓவியர் பெயரை வினவுகின்றோம். அடுத்ததிற் குடியின் பெயரோடு அமைந்துவிடுகின்றோம். பெயர் வினவாதவிடத்துத் தனியொருவர் ஆற்றலை மதிப்பிடும் திறனாய்வு தோன்றுவதில்லை. ஜங்கர் பெயர் பெற்ற பின்னரே அவர் கோட்டினை ஆராயத் தலைப்பட்டனர்.

எனவே, அப்பாகுபாடு அவை பற்றியதேயன்றித் தரம் பற்றியதன்று எனத் துணிகின்றோம். பாடியவர் பெயரைக் குறியாது, 'நாட்டுப்பாடல்' என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்தமையும் நம் துறைகளுக்குப் புதிதன்று. போபாலிற் காணும் குறை நம்மிடத்தும் உண்டு என்பதை உணர்தல் வேண்டும்.