விசுவாசம், மீட்பு, தோட்டத்துக் கடன்

"இயேசுவை நம்பினால் போதும், அமல் எதுவும் தேவையில்லை என்பதே கிறிஸ்தவம்." எங்கட ஆக்கள் எழுதும் ஒப்பாய்வுக் கட்டுரைகளில் இந்த வாக்கியம் எப்படியாவது வந்துவிடும். நானும் எழுதியவன்தான். அது பாதிக் கதை என்று இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹட்டனில் வாப்பாவுக்கு ஒரு சிறிய புடவைக் கடை. தோட்டத்து ஆக்களுக்குக் கடன் கொப்பி உண்டு. கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். சம்பளத்துக்கு மறுநாள் கடைக்கு வந்தார். நான் இளவயதுக் குறும்பில், "இயேசு உங்கட கடனையெல்லாம் கட்டிட்டாராமே?" என்று கேட்டுவிட்டேன். "ஆமா தம்பி, அவரு என் பாவக் கடனக் கட்டிட்டாரு. ஒங்க வாப்பா கடன நாந்தானே கட்டணும்" என்று சொல்லிவிட்டுக் காசை எண்ணி வைத்தார். வாப்பா என்னை முறைத்தார்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். பழைய தமிழ் பைபிளில் விசுவாசம், இரட்சிப்பு. 1995இல் வந்த திருவிவிலியத்தில் நம்பிக்கை, மீட்பு. தமிழ் நல்ல தமிழாகியது, சரி. ஆனால் ஏதோ ஒன்று கழன்றும் போயிற்று என்பது என் எண்ணம். மழை வரும் என்பதும் நம்பிக்கைதான். விசுவாசம் அப்படியல்ல, அதில் ஒருவருக்குக் கட்டுப்பட்டு நிற்பது இருக்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸ் என்பதிலும் இந்த இரண்டும் உண்டு. மெத்தியூ பேட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 2017இல் ஒரு முழு நூலையே இதற்காக எழுதினார்: மீட்கும் விசுவாசம் என்பது அரசனுக்குக் காட்டும் பற்றுறுதி என்பது அவர் வாதம். தோட்டத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பும் உண்டு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் துரைமார் பணம் கொடுத்தார்கள். கூலியின் விசுவாசம் யாருக்கு என்பதில் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்காதா?

மீட்பு என்ற சொல் இன்னும் ஆழமாகப் போகிறது. 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை இருந்தது. கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்ற துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய கங்காணி பழைய கடனைக் கட்டி ஆளை எடுப்பான். ஆள் அதன்பின் அவனுக்குக் கடன்காரன். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதைத்தான் ஒத்திருக்கிறது: விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் நீங்கள், ஆகவே வாங்கியவருக்கு உரியவர்கள். மீட்கப்பட்டவன் இஷ்டப்படி திரிபவன் என்று பவுல் எங்கே சொன்னார்?

யாக்கோபு நிருபம் இன்னும் வெளிப்படை. ஷைத்தான்களும் நம்புகின்றன, நடுங்கவும் செய்கின்றன என்கிறது அது. இப்லீஸுக்கு அல்லாஹ்வைத் தெரியாமலா இருந்தது? ஸுஜூத் செய்ய மறுத்தான், அவ்வளவுதான். இந்த நிருபத்தை மார்ட்டின் லூதர் 1522இல் வைக்கோல் நிருபம் என்று இகழ்ந்தது உண்மை. ஆனால் அவரும் அமல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அமல் மீட்பின் விலை அல்ல, விசுவாசத்தின் கனி என்றார். 1999 அக்டோபர் 31இல் ஓக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கரும் லூதரன்களும் இதில் கூட்டறிக்கையே ஒப்பமிட்டார்கள்.

எங்கட வீட்டையும் பார்க்க வேண்டும். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அமலை ஈமானின் உறுப்பாகச் சேர்க்கவில்லை. அதனால் அவர் தொழுகை வேண்டாமென்றார் என்று யாராவது எழுதினால் சும்மா இருப்போமா? "கலிமா சொல்லியாச்சு, எப்படியும் சுவர்க்கம்தான்" என்று வட்டிக்குக் கொடுப்பவர் எங்கட தெருவிலும் இருக்கிறார். முர்ஜிஆக்கள் அன்றோடு போய்விடவில்லை.

உண்மையான முரண் வேறு இடத்தில். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்கிறது அல்குர்ஆன். பாவக் கடனை இன்னொருவர் கட்ட முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்பது எங்கள் அகீதா; அல்லாஹ் நாடினால் கடனையே மன்னிப்பான், நடுவில் யாரும் கட்டத் தேவையில்லை. அங்கே வாதாடலாம், வாதாடவும் வேண்டும். அமல் இல்லாத மதம் என்று எழுதுகிறவர் அதற்கு முன் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தையாவது வாசிக்கட்டும். ஐந்து நிமிஷ வேலை.