பழைய தளத்தின் மேல் புதிய டைல்ஸ்: கலவைப் படுகை எவ்வளவு தாங்கும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பழைய தனி வீடுகளில் மொசைக் தரையோ சிவப்பு ஆக்சைடு தரையோ பெயர்ந்துவிட்டால், அதன் மேலேயே 30 முதல் 50 மி.மீ. கனத்துக்குச் சிமென்ட் கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, சிமென்ட் பால் ஊற்றி டைல்ஸ் பதிப்பது பரவலான வழக்கம். பள்ளம், விரிசல், பெயர்ச்சி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கலவைதான் மருந்து.

இதன் பலம் எளிமை. எந்தக் கொத்தனாருக்கும் கைவந்த வேலை. ரசமட்டமும் நூலும் போதும். மேடு பள்ளம் ஒரே நாளில் சரியாகிவிடும். குளியலறையிலும் பால்கனியிலும் தண்ணீர் வடிய வாட்டம் கொடுக்கவும் கனமான கலவை வசதியானது. உடைக்கும் கூலியும் ரப்பிஷ் அள்ளும் செலவும் மிச்சம். சாலையை மேலே மேலே போட்டதால் வீட்டுத் தரை தாழ்ந்துபோன தெருக்களில், 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் மழையையும் பார்த்தவர்களுக்குத் தரை சற்று உயர்வதே ஓர் ஆறுதல்.

பலவீனம், இது மட்டத்தை மட்டும் சரிசெய்கிறது என்பதே. தரைத்தளத்தில் கான்கிரீட்டைத் தாங்குவது பேஸ்மென்ட்டில் நிரப்பிய மண். அதைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டுக் கெட்டிக்காமல் விட்டிருந்தால் ஆண்டுகள் கழித்தும் இறங்கும். களிமண் பாங்கான இடத்தில் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அப்படி இறங்கும் தளத்தின் மேல் 40 மி.மீ. கலவை போட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ கூடும். பத்துக்குப் பத்து அறைக்கு முக்கால் டன். மாடியில் இந்த எடை முழுவதும் கூரைத் தளத்தின் மீது விழும். விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும் என்பதால் வெறும் சிமென்ட் பாலில் அது சரியாகப் பிடிப்பதும் இல்லை.

ஆகவே முதலில் தளத்தைப் படிக்க வேண்டும். சுத்தியலின் கட்டைப் பிடியால் தட்டினால் பொள்ளலான இடம் ‘டொக் டொக்’ என்று காட்டிக்கொடுக்கும். விரிசலின் குறுக்கே நகத்தை இழுத்து, ஒரு பக்கம் தட்டுகிறதா என்று பார்க்கலாம். இரு பக்கமும் ஒரே மட்டமென்றால் பெரும்பாலும் பழைய சுருக்க விரிசல். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் மண் இறங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் தாளை ஓரங்களில் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டால், அடியில் கோக்கும் நீர்த்துளிகள் ஈரம் மேலேறுவதைச் சொல்லும்.

பொள்ளலான பகுதியை நேர் விளிம்பாக வெட்டி, உதிர்ந்த ஜல்லியைக் கூட்டி, நனைத்து, பாண்டிங் திரவம் கலந்த சிமென்ட் பால் பூசி, அது காயுமுன் 1:2:4 கான்கிரீட் நிரப்பி, குறைந்தது ஏழு நாள் ஆற்ற வேண்டும். அசையும் விரிசலுக்கு நேர் மேலே டைல்ஸிலும் இணைப்பு விட்டுச் சிலிக்கான் நிரப்புவது நல்லது. மண் இறங்கியிருந்தால் ஒட்டுவேலை பலிக்காது. அந்த அறையின் தளத்தை எடுத்து, 150 மி.மீ. அடுக்குகளாக மண் கெட்டித்து, புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும்.

ஐ.எஸ். 15477 தரத்துக்கு உட்பட்ட டைல்ஸ் பசை மெல்லிய படுகையிலேயே நன்றாகப் பிடிக்கும், எடையும் குறைவு. ஆனால் அது பள்ளத்தை நிரப்பாது, பெரிய டைல்ஸுக்குத் தளம் 3 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் விலகவும் கூடாது. எனவே பசையைத் தேர்ந்தவர் தளத்தைச் சீராக்கியே தீர வேண்டும்.

டைல்ஸ் கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்படுவதால், பழுது பார்க்கும் நாட்களுக்கு ஒப்பந்தத்தில் காசு இல்லை. அதனால்தான் கலவையே எல்லாவற்றையும் மூடுகிறது. உறுதியான, மேடு பள்ளம் மட்டுமே உள்ள தளத்துக்குக் கலவைப் படுகை ஏற்றது. உடைந்த தளத்துக்கு அது தீர்வாகாது. வீட்டுக்காரர் மதிப்பீட்டில் தளப் பழுதுக்குத் தனிக் கூலியும் தனி நாட்களும் எழுதி வாங்கிய பிறகே டைல்ஸ் கடைக்குப் போக வேண்டும்.