'பின்னணி இல்லாதவர்கள்': செயற்கை நுண்ணறிவும் ஒரு மனுவும்

1

கல்யாணப் பேச்சில்கூட 'மாப்ள டெக்னிகல் சைடா?' என்று கேட்கிற ஊர் நெய்வேலி. எந்த வட்டத்தில் வீடு, எத்தனை அறை என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நான் தமிழாசிரியன், ஆக, பிறவி நான்-டெக்னிகல். முப்பது வருஷம் நன்னூல் நடத்தி ஓய்வு பெற்ற ஆளை, சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் ஒருநாள் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். 'தொழில்நுட்பப் பின்னணி இல்லாதவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு' என்று வாசலில் பேனர். போனோம்.

வகுப்பெடுத்த தம்பி கெட்டிக்காரர். முதல் ஐந்து நிமிஷத்திலேயே எங்கள் பயத்தைப் போக்கிவிட்டார்: "உள்ள என்ன நடக்குதுன்னு நீங்க கவலப்பட வேணாம். கார் ஓட்டணும்னா எஞ்சின் தெரிஞ்சிருக்கணுமா என்ன?" எல்லோரும் சிரித்தோம். அப்புறம் மூன்று மணி நேரம் எந்திரத்திடம் எப்படிக் கேட்டால் நல்ல பதில் வரும் என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்தக் கார் உறுத்த ஆரம்பித்தது.

இந்த உவமையில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: ஓட்டுகிறவர், மெக்கானிக். மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர் ரோட்டில் நடந்து போகிறவர். வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தை எந்திரம் சலித்தெடுக்கும்போதும், வங்கிக் கடனுக்கு எந்திரம் மதிப்பெண் போடும்போதும் நம்மில் பெரும்பாலோர் ஓட்டுநர் இருக்கையில் இல்லை, ரோட்டில் இருக்கிறோம். அவருக்கு எஞ்சின் தெரிய வேண்டாம், சரி. பிரேக் எப்போது பிடிக்காது என்பது தெரிந்தாக வேண்டுமே! 'பின்னணி இல்லாதவர்' என்று விளிக்கிற பிரதி, வாசகரை ஓட்டுநராக உட்கார வைத்து இந்த மூன்றாமவரைக் காணாமல் அடிக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

பின்னணி உள்ளவர் / இல்லாதவர் என்ற இருமை எதிர்வுக்கு வயது அதிகம். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற நிரலைப் பற்றி எழுதினார். மனநல மருத்துவர் போல உரையாடுகிற நிரல் அது. நாம் சொன்ன வாக்கியத்தையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும், அவ்வளவுதான் விஷயம். அது உருவாவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதனோடு பேச உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், 'நீங்கள் வெளியே போங்கள்' என்று வைசன்பாமையே அறையை விட்டு அனுப்பிவிட்டார். 1976இல் வந்த தன் நூலில் வைசன்பாம் இதைக் கவலையோடு பதிவு செய்கிறார். அதன்பின் இத்துறை பற்றிய எண்ணற்ற எழுத்துகளில் இந்தப் பெண் வந்து போகிறார். பெயரில்லை, 'செயலாளர்' மட்டும்தான். ஏமாறுகிற பாமரர் என்ற இடத்தை நிரப்புவதற்காகவே அவர் வருகிறார்.

2022இல் என்ன நடந்தது? கூகுள் நிறுவனத்தின் பொறியாளர் பிளேக் லெமாய்ன், தான் சோதித்துக்கொண்டிருந்த 'லாம்டா' என்ற உரையாடல் எந்திரத்துக்கு உணர்வு இருக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனம் அதை மறுத்தது. அவர் வேலை போனது. அவருக்குத் தொழில்நுட்பப் பின்னணி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஆக, மயங்குவதும் மயங்காததும் இந்தக் கோட்டின்படி பிரிவதில்லை. மனிதர்கள் பேசுகிற மாதிரி எது பேசினாலும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதாகக் கொள்வது மொழி நமக்குப் பழக்கியது.

தமிழில் இந்த ஆளை முதலில் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர் சுஜாதா. சிறுபத்திரிகைகள் அவரை வெகுஜனம் என்று ஒதுக்கியது இருக்கட்டும். 'என் இனிய இயந்திரா' வந்தபோது ஜீனோ என்ற எந்திர நாயை நாங்கள் எல்லோருமே ரகசியமாக ரசித்தோம். ஆனால் ஜீனோவுக்கு உடம்பு இருந்தது, குறும்பு இருந்தது, விருப்பம் இருந்தது. அதனால் 'எந்திரம் யோசிக்குமா?' என்ற கேள்வி நமக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. 'அது எதைத் தின்று வளர்கிறது?' என்ற கேள்வி எழவேயில்லை.

3

சரி, பின்னணி இல்லாத நமக்கு என்னதான் பின்னணி?

1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. 'புரியலை' என்று எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பது இதன் வாசகர்களுக்குத் தெரியும். சொல்லுக்குப் பொருள் அதற்குள்ளேயே இல்லை, மற்றச் சொற்களோடு கொள்கிற உறவிலும் வேறுபாட்டிலும் இருக்கிறது என்ற சசூரின் கருத்தை நாம் கஷ்டப்பட்டுப் படித்தோம். இன்றைய மொழி மாதிரிகள் நிற்கிற தளம் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஏராளமான எழுத்தை எந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வோரிடத்திலும் அடுத்து வரப்போகிற துண்டை அது ஊகிக்க வேண்டும். தப்பினால், உள்ளே இருக்கிற கோடிக்கணக்கான எண்கள் துளித்துளியாகத் திருத்தப்படுகின்றன. இப்படித் திருத்தித் திருத்தி, ஒரே மாதிரியான சூழல்களில் வருகிற சொற்கள் எண்களின் வெளியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. 'ரெண்டாம் ஷிப்டுக்கு' என்றதும் உங்கள் மனதில் 'போயிட்டார்' வருகிறதல்லவா? அதுபோல. ஒரு எச்சரிக்கை: சசூருக்குக் குறியில் குறிப்பான், குறிப்பீடு என்று இரண்டு பக்கம். எந்திரத்துக்குக் கிடைப்பது குறிப்பான்கள் விட்டுச்சென்ற தடங்கள் மட்டுமே. இதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் இன்றைய சண்டை. அந்தச் சண்டையில் பேச நமக்கு அருகதை இருக்கிறது.

இரண்டாவது பின்னணி, இலக்கணம். 'துண்டு' என்று சொன்னேன். அந்தத் துண்டை எப்படி வெட்டுகிறார்கள்? 'வந்தனன்' என்ற சொல்லை எங்கள் வகுப்பில் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாகப் பிரிப்போம். எந்திரம் அப்படிப் பிரிப்பதில்லை. எந்த எழுத்துச் சேர்க்கை அடிக்கடி வருகிறதோ அதை ஒரு துண்டாக்கிக்கொள்கிறது. அடிக்கடி என்றால் யாருடைய எழுத்தில்? கொடுத்த குவியலில் பெரும்பகுதி ஆங்கிலம். அதோடு, கணினியில் தமிழ் எழுத்தைச் சேமிக்கிற முறையையும் பாருங்கள். 'நெய்வேலி'யில் நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வருவதால் அது எட்டு. பரவலாகப் புழங்குகிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 24. ஆங்கிலத்தில் அதே ஊர்ப் பெயர் ஏழு எழுத்து, ஏழே பைட்டு. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தருகிற குறியாக்கம் வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு 'டேஸ்16' என்ற அந்த முறையையும் ஏற்றது. உலகம் யூனிகோடோடு போய்விட்டது. விளைவு: பைட்டுகளிலிருந்து துண்டுகளைக் கட்டுகிற எந்திரங்களில் தமிழ் வாக்கியம் கூடுதல் துண்டுகளாகச் சிதறுகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில் தமிழில் கேட்பவர் அதிகம் கொடுக்கிறார். அண்மை மாதிரிகளில் இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. இதை விளக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. எழுத்தெண்ணத் தெரிந்தால் போதும்.

ஆனால் எண்ணத்தான் வேண்டும். கணக்கை அறவே ஒதுக்கிவிட்டு 'விமர்சனம்' பண்ணுவதையும் நான் ஒப்பவில்லை. 2018இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய இலவசப் பாடம், பின்லாந்து மக்களில் நூற்றுக்கு ஒருவரையாவது சென்றடைவது என்ற இலக்கோடு வந்தது. அதில் நிரல் இல்லை. ஆனால் நிகழ்தகவுக் கணக்கைப் பென்சிலால் போட வைக்கிறார்கள். தமிழில் கணியம் வெளியிட்ட, து. நித்யாவின் 'எளிய தமிழில்' நூல்கள் மதிக்கத்தக்க உழைப்பு. அவை நிரல் எழுதத் துணிந்தவரை நோக்கியவை, அது குறையல்ல. இவை இரண்டுக்கும் நடுவில், தமிழ் வாசகர் தன் மொழியை வைத்தே போட்டுப் பார்க்கிற ஒரு பாடம் தமிழில் வர வேண்டும்.

4

மூன்றாவது பின்னணியை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி.

1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயர் தாங்கிய முதல் பட்டறை நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. வெறும் தற்செயல்தான், இதற்கு அர்த்தம் கற்பிக்கப் போவதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. இங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். கீழே அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்தாக வேண்டும். கணக்கில் வருவது கரி. மேல்மண்ணை இங்கே 'ஓ.பி.' என்பார்கள். அது ஊராக இருந்தது, வயலாக இருந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் நின்ற நெல்வயலில் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது.

என் பழைய மாணவன் ஒருவன் அப்பாவுக்காக ஒரு மனு எழுதினான். அப்பா பல ஒப்பந்தக்காரர்களிடம் மாறிமாறி வேலை பார்த்தவர். பி.எஃப். கணக்கில் எட்டு மாதம் விட்டுப்போயிருந்தது. பையன் விவரத்தைத் தட்டிக்கொடுத்து எந்திரத்தையே மனு எழுதச் சொன்னான். 'ஓ.பி. பெல்ட்டுக்குக் கீழ மண் அள்ளுற வேலை' என்று இவன் போட்டதை அது 'அதிகச் சுமை கொண்ட பெல்ட்டின் கீழ்' என்று எழுதியிருந்தது. சிரித்துக்கொண்டே என்னிடம் காட்ட வந்தான். மற்றபடி மனு நேர்த்தியாக இருந்தது. என் மாணவர்களில் ஒருவரும் அவ்வளவு பிழையில்லாமல் எழுதியதில்லை.

அப்பாவும் கூட வந்திருந்தார். "ஒருதரம் படிங்கய்யா, கேப்போம்" என்றார். படித்தேன். 'தொடர்ந்து பணியாற்றி வந்தேன்' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"தொடர்ந்து இல்லீங்களே. நடுவுல எட்டு மாசம் ஆள மாத்திட்டாங்க. வேல செஞ்சேன், சீட்டு குடுக்கல. அதத்தானய்யா கேக்கப் போறோம்?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் பிழை திருத்தியவன், அந்த வரியை ரசித்துக் கடந்துவிட்டேன். எந்திரம் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. உலகத்து மனுக்களில் 'பணியாற்றி' என்பதற்கு முன்னால் 'தொடர்ந்து' வருவதுதான் வழக்கம். அது வழக்கத்தை எழுதியது. வழக்கத்துக்கு மாறான அந்த எட்டு மாதம்தான் அவருடைய வழக்கு. அதை மேல்மண்ணாக வாரிக் கொட்டிவிட்டு, கரி மாதிரி வழவழப்பாக ஒரு மனுவைத் தந்திருக்கிறது. மூன்றாம் பகுதியில் நான் விளக்கிய கோட்பாடு முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. கண்டுபிடித்தவர் அவர். எல்லா மனிதரும் அறிவுஜீவிகளே, ஆனால் எல்லோருக்கும் சமூகத்தில் அந்தப் பாத்திரம் தரப்படுவதில்லை என்று கிராம்சி சொன்னதை மேடைகளில் எத்தனை முறை பேசியிருப்பேன்!

5

ஆகவே எந்தப் பாடம் நடத்தினாலும், 'நல்ல பதில் வாங்குவது எப்படி?' என்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளை வைக்க வேண்டும் என்பது என் வாதம். இது எந்த எழுத்தைத் தின்றது? எதை வழக்கமென்று கொள்கிறது? என் விஷயத்தில் வழக்கத்துக்கு மாறானது எது, அது பதிலில் மிஞ்சியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் சம்பந்தப்பட்டவர் மட்டும்தான். பொறியாளருக்கு அது தெரிய வழியில்லை.

நம் பக்கக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். சிறுபத்திரிகைகளில் நாமும் கலைச்சொற்களைச் சுவராக எழுப்பி, வாசகர்களைப் 'பின்னணி இல்லாதவர்கள்' ஆக்கி வைத்திருந்தோம். அந்தத் தம்பியின் வகுப்பைக் கிண்டல் செய்ய எனக்குப் பாதித் தகுதிதான் உண்டு. குறைந்தபட்சம் அவர் கதவைத் திறந்து வைத்தார்.

மனுவை மறுபடியும் கையால் எழுதினோம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த ஒப்பந்தக்காரர், கூட வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாக்கியங்கள் கரடுமுரடாகத்தான் இருந்தன. 'ஓ.பி. பெல்ட்' என்பதை அப்படியே விட்டுவிட்டேன். படித்துக் காட்டியதும், "இப்ப சரி" என்று கைநாட்டு வைத்தார். பதில் இன்னும் வரவில்லை.