லேபிளில் இல்லாத ஓர் எழுத்து

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கைக்கு வரும்போது அதன் பெட்டி இருக்காது, பில் இருக்காது, லேபிள் மட்டும்தான் இருக்கும். அதில் உள்ள பத்துப் பதினைந்து எழுத்துகளைப் பிரித்துப் படித்தே கொள்ளளவு, வேகம், இணைப்பு எல்லாவற்றையும் சர்வீஸ் செய்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்த மாடல் எண்களை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் போதும். பயன்படுத்தும்போது வேறு வேறாக நடந்துகொள்ளும் இரண்டு டிஸ்க்குகளை எண் பிரித்துக் காட்ட வேண்டும். எதில் வேறுபடுகின்றன என்பதும் அதிலிருந்தே தெரிய வேண்டும்.

இதை நன்றாகச் செய்தது ஹிட்டாச்சி வழி வந்த எச்ஜிஎஸ்டி. 'எச்யூஎஸ்728டி8டிஏஎல்இ6எல்4' என்ற எண்ணைப் பாருங்கள். எச் நிறுவனம், யூ அல்ட்ராஸ்டார், எஸ் சாதாரண வகை. இதே இடத்தில் எச் இருந்தால் உள்ளே ஹீலியம். 72 என்றால் நிமிடத்துக்கு 7200 சுற்று. அடுத்து 8டி இரண்டு முறை வருகிறது: முதலாவது அந்தக் குடும்பத்தின் உச்சக் கொள்ளளவு, இரண்டாவது இந்த டிஸ்க்கின் கொள்ளளவு. ஏ தலைமுறை, எல் உயரம், இ6 சாட்டா இணைப்பு. கடைசி 4 பாதுகாப்பு வகை.

அதற்கு முந்தைய எல் என்ற எழுத்தில்தான் எனக்கு மரியாதை. புதிய சாட்டா தரத்தில், பவர் இணைப்பின் மூன்றாவது பின் டிஸ்க்கை அணைக்கும் சமிக்ஞைக்கு ஒதுக்கப்பட்டது. பழைய பவர் சப்ளைகளோ அதே பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். அதில் மாட்டினால் நல்ல டிஸ்க்கும் சுழலாது. செத்துப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போடத் தோன்றும். அந்தப் பின்னின் மேல் சிறு துண்டு காப்டன் (மின்காப்பு) டேப் ஒட்டினால் ஓடத் தொடங்கிவிடும். எண்ணின் அந்த இடத்தில் 0 இருந்தால் அணைக்கும் வசதி உண்டு, எல் இருந்தால் பழைய முறை. ஒரே எழுத்து ஒரு டிஸ்க்கைக் குப்பையிலிருந்து காப்பாற்றுகிறது. இதை வாசிக்கும் முறையையும் அவர்கள் விவரக் குறிப்பிலேயே அச்சிட்டுத் தந்தார்கள்.

சீகேட்டின் பழைய எண்களும் நேர்மையானவையே. 1979-இல் ஷுகார்ட் டெக்னாலஜி என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. எண்ணின் தலையில் நிற்கும் எஸ்டி அந்தப் பெயரின் மிச்சம். 'எஸ்டி31000340ஏஎஸ்', 'எஸ்டி31000333ஏஎஸ்', 'எஸ்டி31000528ஏஎஸ்' மூன்றும் ஒரு டெராபைட் டிஸ்க்குகள். கடைசி மூன்று இலக்கங்களில் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்தால் 4, 3, 2. உள்ளே இருக்கும் தட்டுகளின் எண்ணிக்கை அது. பதிவு எவ்வளவு நெருக்கமாகிக்கொண்டே போனது என்பது லேபிளிலேயே தெரிந்தது. ஆனால் இதே வரிசை, எண்ணால் மட்டும் ஆகாது என்பதையும் காட்டியது. 2009 தொடக்கத்தில் எஸ்டி15 (SD15) ஃபர்ம்வேர் கோளாறால் திடீரென முடங்கிய டிஸ்க்குகளை இனம் காண, மாடல் எண்ணோடு ஃபர்ம்வேர் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பின்னர் சீகேட் இலக்கணத்தைச் சுருக்கிக்கொண்டது. 'எஸ்டி2000டிஎம்006', 'எஸ்டி2000டிஎம்008': 2000 கொள்ளளவு, டிஎம் மேசைக் கணினிக்கானது. 006, 008 என்ற எண்களைப் பிரித்து எதையும் அறிய முடியாது. இரண்டுமே 7200 சுற்று, இரண்டு டெராபைட். முதலாவதில் வழக்கமான சிஎம்ஆர் பதிவு, இரண்டாவதில் எஸ்எம்ஆர்.

இந்த வேறுபாடு சின்னதல்ல. எஸ்எம்ஆர் முறையில், கூரை ஓடுகளைப் போல ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறி நிற்கும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுதினால், அதன் மேல் ஏறிய அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். படங்களைச் சேர்த்து வைப்பதற்கு இது போதும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு தொகுப்பில் ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதைப் போட்டு மீட்டெடுக்கும்போது கழுத்தை நெரித்துவிடும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது என் புகார் இங்கேதான். அவர்களுடைய ரெட் வரிசை, பிணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்டது. 'டபிள்யூடி40இஎஃப்ஆர்எக்ஸ்' என்பதில் 40 நான்கு டெராபைட், எஃப் நாஸ், ஆர் சுழற்சியும் கேஷும், எக்ஸ் சாட்டா. அடுத்து வந்தது 'டபிள்யூடி40இஎஃப்ஏஎக்ஸ்'. ஆர் இருந்த இடத்தில் ஏ. கேஷ் 64 எம்பியிலிருந்து 256 எம்பிக்கு ஏறியிருந்தது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் இதை முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொள்வார். உள்ளே பதிவு முறை எஸ்எம்ஆருக்கு மாறியிருந்தது. அதைச் சொல்ல எழுத்து இல்லை. 2020 ஏப்ரலில் பிளாக்ஸ் அண்ட் ஃபைல்ஸ் இணைய இதழ் இதை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் எந்தெந்த மாடல்கள் எஸ்எம்ஆர் என்ற பட்டியலை நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு சர்வ்திஹோம் தளம் செய்த சோதனையில், மற்ற டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த இசட்எஃப்எஸ் ரெய்டு மீட்பை முடிக்க இந்த டிஸ்க்குக்கு ஒன்பது நாளுக்கு மேல் ஆனது.

சரி, ஏ என்று இருந்தால் வாங்காதே என்று விதி வைத்துக்கொள்ளலாமா? அதுவும் நடக்காது. 'டபிள்யூடி80இஎஃப்ஏஎக்ஸ்' என்ற எட்டு டெராபைட் டிஸ்க்குக்கும் அதே எழுத்துகள், அது சிஎம்ஆர். அதன் விவரக் குறிப்பில் '5400 ஆர்பிஎம் கிளாஸ்' என்று இருக்கும். ஓடும்போது வரும் ஒலியை அளந்தவர்களுக்குக் கிடைத்ததோ 120 ஹெர்ட்ஸ். 5400 சுற்றென்றால் 90 வந்திருக்க வேண்டும், 120 என்பது 7200 சுற்று. கொள்ளளவு இலக்கமும் உறுதியில்லை. பத்தில் ஒரு டெராபைட் கணக்கின்படி 'டபிள்யூடி43பியூஆர்இசட்' 4.3 டெராபைட்டாக இருக்க வேண்டும். அது நான்குதான், 3 என்பது பதிப்பைக் காட்டுகிறது.

நிறுவனத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்லலாம். மாடல் எண் கிடங்குக்கும் ஆர்டர் புத்தகத்துக்கும் உரியது, வாங்குகிறவருக்குப் பாடம் நடத்த வந்ததல்ல. பத்து எழுத்தில் எல்லாத் தொழில்நுட்பமும் அடங்காது. இரண்டுமே உண்மைதான், இந்த வழக்குக்கு மட்டும் பொருந்தாது. எச்ஜிஎஸ்டியை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2012-இலேயே வாங்கிவிட்டது. அந்தக் கிளையிலிருந்து டேட்டா சென்டர்களுக்குப் போன எஸ்எம்ஆர் டிஸ்க்கின் எண் 'எச்எஸ்எச்721414' என்று தொடங்குகிறது. அதன் சாதாரண ஹீலியம் டிஸ்க்குகள் 'எச்யூஎச்' என்றே தொடங்கின. இரண்டாவது எழுத்திலேயே வேறுபாடு. ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களுக்கு எழுத்து கிடைத்தது, வீட்டு நாஸுக்கு நான்கு வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. இடம் போதாமல் விட்டதாக இதை ஏற்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பில் எச்ஜிஎஸ்டி முதலிடம், சீகேட்டின் பழைய முறை அடுத்து. சீகேட்டின் புதிய முறை வாசிக்கவே விடாது. விவரக் குறிப்பைத் தேடாமல் வாங்கக் கூடாது என்ற எச்சரிக்கையாவது அதில் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் முறையை அதற்கும் கீழே வைக்கிறேன். வாசிக்கக் கற்றுக்கொடுத்து, அந்த வாசிப்பின் மேல் நம்பிக்கை வந்த பிறகு, முக்கியமானதை வாசிப்புக்கு வெளியே வைத்தது அது.

வழக்குகள் தொடுக்கப்பட்டன, அமெரிக்க வழக்கு 27 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் எஸ்எம்ஆரை ரெட் என்றும் சிஎம்ஆரை ரெட் பிளஸ் என்றும் பெயர் பிரித்தது. விற்பனைப் பெயரில் செய்த திருத்தம் அது, எண்ணின் இலக்கணத்தில் செய்ததல்ல. இஎஃப்ஆர்எக்ஸ் டிஸ்க்கே முதலில் ரெட் என்றும் பிறகு ரெட் பிளஸ் என்றும் விற்கப்பட்டது. இரண்டாம் கையாக இன்று ஒரு 'ரெட்' வாங்குகிறவர், நிறப் பெயரை விட்டுவிட்டு முழு எண்ணையும் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்ஆர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.